கையெழுத்துக்கு தெரபியா? குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஐந்து மாதம் போய்வந்த அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) மையத்துக்கு என் பையனை ஐந்து மாதமாக அழைத்துப் போய் வருகிறேன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கையெழுத்துக்காகத்தான். கையெழுத்துக்குக்கூடவா வைத்தியம் என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. அதனால் இடம் எப்படி, காசு எவ்வளவு, பலன் என்ன, எது பிடிக்கவில்லை எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப்போகிறேன், சின்ன இடம், இரண்டு பெண்கள் கஷ்டப்பட்டு நடத்துகிறார்கள்.

முதலில் பையனைப் பற்றி. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான், கதைப் புத்தகம் தானாக எடுத்துப் படிப்பான், மனக்கணக்கில் என்னைவிட வேகம். பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் வேறு பிள்ளையாகிவிடுவான். நாலு வரி வீட்டுப்பாடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், நடுவில் தண்ணீர், பாத்ரூம், அழுகை. எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறும், கீழே இறங்கும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடைவெளியே இருக்காது. அழுத்தி அழுத்தி எழுதி, பக்கத்தைத் திருப்பித் தடவினால் பின்பக்கம் முழுக்க மேடு தட்டும். பெருமாள் கோவில் பிரசாத டப்பாவில் இருபது பென்சில் முனை உடைந்து கிடக்கும். நோட்டில் வாரம் தவறாமல் சிவப்பு மையில் ‘கையெழுத்தில் கவனம் தேவை’ என்று வரும். ஒரு நாள் அவனே ‘அம்மா, நான் கவனமாத்தான் எழுதுறேன், கைதான் கேக்க மாட்டேங்குது’ என்றான். அந்த வார்த்தையை நான் அன்றே சரியாகக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

நாங்கள் என்ன செய்தோம், எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். கையெழுத்துப் பயிற்சி நோட்டு நாலைந்து வாங்கினோம். முப்பது நாளில் முத்து முத்தான எழுத்து என்று போர்டு போட்ட ஒரு வகுப்பில் ஆயிரத்து ஐந்நூறு கட்டிச் சேர்த்தோம். அங்கே தினமும் ஒரே எழுத்தை இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். பத்தாம் நாள் பையன் வலது கை கட்டைவிரல் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். சோம்பேறித்தனம் என்றார்கள். நானும் அதை நம்பி அவனை ஓர் அடி அடித்தேன், இப்போது நினைத்தாலும் மனசு பிசைகிறது.

கண் கோளாறாக இருக்குமோ என்று கண் டாக்டரிடம் காட்டினோம். பார்வை நன்றாக இருக்கிறது, ஒரு ஓ.டி.யிடம் காட்டுங்கள் என்றார் அவர். வீட்டுக்கு வந்து சொன்னேன், என் மாமியார் பதறிப்போய் ‘இன்னாம்மா, கொயந்தைக்கு ஆபரேசனா?’ என்று கேட்டார். ஓ.டி. என்றால் நம் ஊரில் எல்லாருக்கும் ஆபரேஷன் தியேட்டர்தான் ஞாபகம் வரும். இது ஆக்குபேஷனல் தெரபி. குளிப்பது, சட்டை பட்டன் போடுவது, சாப்பிடுவது, எழுதுவது, விளையாடுவது என்று ஒருவருடைய அன்றாட வேலைகளை அவரே செய்ய வைக்கும் சிகிச்சை. குழந்தைக்கு எழுதுவதும் விளையாடுவதும்தானே வேலை.

இனி அந்த மையம். முதல் நாள் மதிப்பீடு, ஒன்றே கால் மணி நேரம். அதில் முதல் அரை மணி நேரம் பையன் கையில் பென்சிலே கொடுக்கவில்லை, எனக்கு அதுதான் முதல் ஆச்சரியம். அந்த தெரபிஸ்ட் மேடம் பத்து ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் வைத்து, ஒரே கையால் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், அப்புறம் அதே கையால், இன்னொரு கையின் உதவி இல்லாமல், ஒவ்வொன்றாக விரல் நுனிக்குக் கொண்டுவந்து உண்டியலில் போடச் சொன்னார். மூன்றாவது நாணயத்திலேயே எல்லாம் தரையில் சிதறிவிட்டது. வீட்டில் நான் செய்து பார்த்தேன், யோசிக்காமல் வருகிறது. அவனுக்கு வரவில்லை. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

அப்புறம் அவன் கட்டைவிரலை மெதுவாக வளைத்துக் காட்டினார், முன்கையைத் தொடும் அளவுக்கு வளைந்தது. விரல் மூட்டுகள் சாதாரணமாக இருக்க வேண்டியதைவிடத் தளர்வாக இருக்கின்றன என்றார். அதன் பிறகுதான் பென்சில். ஆள்காட்டி விரலின் கடைசி மூட்டு உள்பக்கமாக மடிந்து குழி விழுந்தது, நகம் வெள்ளையாகிவிட்டது. ‘பாருங்கம்மா, மூட்டு நிக்கல. நிக்காததால பென்சில் நழுவிடும்னு இறுக்கிப் பிடிக்கிறான். இறுக்கிப் பிடிக்கிறதால அழுத்துறான். அழுத்துறதால வலிக்குது. வலிக்கிறதால எழுந்து ஓடுறான்’ என்றார். ஒரு வருஷமாக டியூஷனில் யாரும் சொல்லாத விஷயத்தை நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

முக்கோணம், சாய்சதுரம் எல்லாம் பார்த்து வரையச் சொன்னார், சாய்வுக் கோடு அவனுக்கு வரவில்லை. குப்புறப் படுத்துக் கையையும் காலையும் விமானம் போலத் தூக்கச் சொன்னார், அஞ்சாறு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. கையெழுத்துக்கும் முதுகுத் தசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். உடம்பும் தோளும் அசையாமல் நின்றால்தான் விரல் நுனி தனியாக வேலை செய்யும், உடம்பு சரிந்துகொண்டே இருந்தால் அதைத் தாங்கிப் பிடிக்கவே இன்னொரு கை போய்விடும், அப்புறம் நோட்டைப் பிடிப்பது யார் என்று திருப்பிக் கேட்டார். உண்மைதான், அவன் எழுதும்போது இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டுதான் எழுதுவான், நோட்டு நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஐந்து நிமிஷம் தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுத வைத்தார். பதினொரு சொல் எழுதினான்.

இன்னொரு விஷயம் அவரைப் பற்றி நம்பிக்கை தந்தது. படிப்பதில் சிக்கல் இருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார். எழுதுவதில் மட்டும் தடுமாறும் பிள்ளை வேறு, படிக்கவும் தடுமாறும் பிள்ளை வேறு, இரண்டாவது வகையாக இருந்தால் நான் மட்டும் போதாது, சிறப்பு ஆசிரியரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். எல்லாவற்றையும் நானே சரி செய்கிறேன் என்று சொல்லாதவரை எனக்குப் பிடிக்கும்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரியவர் பேரனோடு வந்திருந்தார், அவர் சொன்னது மனதில் நிற்கிறது. கைக்கு வைத்தியம் பார்ப்பது வேலூருக்குப் புதுசா என்றார். 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை எடுத்து மாற்றி வைத்து நிமிர்த்தினார். அறுவை சிகிச்சை முடிந்தால் போதாது, அந்த விரலுக்கு மறுபடி வேலை கற்றுக்கொடுக்க வேண்டும், அதற்கென்று ஆட்கள் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழக்கினார்கள். விபத்தில் இரண்டு காலும் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை 1966-இல் தொடங்கி வைத்தார். காட்பாடி - பாகாயம் பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன், இதெல்லாம் இப்போதுதான் காதில் விழுகிறது.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். உள்ளே போனால் விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கும். நண்டு நடை, பெரிய பந்தில் குப்புறப் படுத்துக் கையூன்றி நகர்வது, சுவரில் ஏறும் பிடிகள், கயிற்று ஊஞ்சல். கடைசிப் பதினைந்து நிமிஷம்தான் எழுத்து. முதல் இரண்டு வாரம், பணம் கொடுத்து விளையாட விடுகிறோமே என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் அங்கே நடக்கும் முக்கால் மணி நேரத்தைவிட வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலைதான் பெரிசு, இந்த மையத்துக்கு நான் முழு மார்க் போடுவதும் அதற்குத்தான். எதையும் கடையில் வாங்கச் சொல்லவில்லை. ‘உங்க வீட்டுல என்னென்ன இருக்கு, யார் யார் இருக்கீங்க, கையால என்ன வேலை செய்றீங்க?’ என்று உட்கார வைத்துக் கேட்டார்.

என் மாமியார் முப்பது வருஷம் பீடி சுற்றியவர். அதைச் சொன்னதும் மேடம் கண் விரிந்துவிட்டது, அடுத்த வாரம் அவரையும் கூட்டி வாருங்கள் என்றார். அத்தை வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, கையில் ஒன்றுமே இல்லாமல் வெறும் விரலால் இலையை வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது எப்படி என்று காட்டினார். இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டும் அந்த அசைவைத்தான் நான் இவனுக்குக் கொடுக்கப் பார்க்கிறேன் என்றார் மேடம். அத்தை மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார், ‘பீடி வேலைய வெளையாட்டுக்குக்கூட எம் பேரன் தொடக்கூடாதும்மா, என்னோட போவட்டும். பூ கட்டச் சொல்லித் தரேன்.’ அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயந்திரம் கால் மணி நேரம் பாட்டியும் பேரனும் பூ கட்டுகிறார்கள். முதலில் கனகாம்பரம், மல்லி மொட்டு சின்னது, நழுவும் என்பதால் அது அப்புறம். வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, இடது கையில் இரண்டு இரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, வலது கையால் சுற்றி முடிச்சுப் போட்டு இழுக்க வேண்டும். ஒரு கை பிடிக்க, இன்னொரு கை வேலை செய்ய, எழுதும்போது வேண்டியதும் அதேதான். முதல் வாரம் கட்டியதெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. இப்போது ஒரு முழம் கட்டுகிறான், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு அதைத்தான் போடுகிறோம்.

சப்பாத்தி மாவு உருட்டுவது, துணி கிளிப்பை மூன்று விரலால் அமுக்கிக் கொடியில் மாட்டுவது, பல்லாங்குழியில் சோழியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுவது (முதல் நாள் நாணயத்தில் வராத அதே வேலை), அஞ்சாங்கல், இதெல்லாம் பட்டியலில் இருந்தன. காலண்டர் தாளின் பின்பக்கத்தைச் சுவரில் கண் உயரத்துக்கு ஒட்டி நின்றபடி வரையச் சொன்னார், சுவரில் எழுதினால் மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்கும், விரல் முன்னால் வரும். புதுக் கிரேயானை வேண்டுமென்றே உடைத்துத் துண்டாகக் கொடுக்கச் சொன்னார், துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியில்தான் பிடித்தாக வேண்டும். நாம் தேய்ந்த பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நீளப் பென்சிலைக் கொடுக்கிறோம், அது தலைகீழ்.

கார்பன் தாள் விஷயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதுதான் திருப்பம். அழுத்தாதே, அழுத்தாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பேன், அவனுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. மேடம் மூன்று வெள்ளைத்தாளை அடுக்கி, நடுவில் இரண்டு கார்பன் வைத்தார். எழுதச் சொன்னார். மூன்றாவது தாளிலும் பளிச்சென்று விழுந்திருந்தது. ‘இப்போ ஆட்டம் என்னன்னா, ரெண்டாவது தாள்ல தெரியணும், மூணாவதுல தெரியக்கூடாது’ என்றார். பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். தூக்கிப் பார்த்தான், மூன்றாவதில் இன்னும் தெரிந்தது. மறுபடி. ஆறாவது தடவை மூன்றாவது தாள் வெள்ளையாக வந்தபோது அவன் போட்ட கத்தல் கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். குடியாத்தம் பஜாரில் கார்பன் தாள் இன்னும் கிடைக்கிறது, பத்துத் தாள் வாங்கி வந்து ஒரு மாதம் ஆடினோம். இப்போது நோட்டின் பின்பக்கம் மேடு தட்டுவதில்லை.

உட்காரும் விதத்தையும் மாற்றினார். சாப்பாட்டு மேசை நாற்காலியில் கால் தொங்கப் போட்டு எழுதிக்கொண்டிருந்தவனுக்குக் காலுக்கடியில் மணைக்கட்டை வைத்தோம், பாதம் முழுசாகப் பதிந்தது. நோட்டுக்குக் கீழே பெரிய பாக்ஸ் ஃபைலை வைத்து சாய்வாக்கினோம், செலவே இல்லை. நோட்டை நேராக வைக்காமல், வலது கைக்காரன் என்பதால் மேல் பக்கம் இடப்புறம் சாய்கிற மாதிரி வைக்க வேண்டும், இடது கைப் பிள்ளைக்கு இதற்கு நேர் எதிர்.

பென்சில் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று விரலில்தான் பிடிக்க வேண்டும் என்று பள்ளியில் அடம் பிடிக்கிறார்கள். நான்கு விரலில் பிடித்தாலும், கட்டைவிரல் கொஞ்சம் பக்கவாட்டில் படிந்தாலும், வலியில்லாமல் வேகமாக எழுத முடிந்தால் அது சரியான பிடிதான் என்று மேடம் சொன்னார். ரப்பர் க்ரிப் மூன்று விதம் ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன், கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றை அவன் மென்றுவிட்டிருந்தான். இவனுக்கு இது உதவாது, மூட்டுக்கு பலம் வராமல் மேலே ரப்பர் மாட்டிப் பயனில்லை என்று எடுத்து வைத்துவிட்டார். முக்கோணப் பென்சில் மட்டும் உதவியாக இருந்தது, உருளாமல் நிற்கிறது, விரலுக்கு இடம் தெரிகிறது.

இனி குறைகள். அங்கே இருக்கும் பயிற்சித் தாள்கள் எல்லாம் ஆங்கிலம். நேர்க்கோடும் அரைவட்டமுமாகப் போகிற எழுத்துக்குத் தயாரித்ததை வைத்துக்கொண்டு தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்க முடியாது. தமிழில் சுழிதானே எல்லாம். என் பையனுக்கு மூணு சுழி ‘ண’ எப்போதும் நாலு சுழியாகிவிடும், சில நாள் அஞ்சு. நான் இதைக் கேட்டபோது மேடம் மறுக்கவில்லை, பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, எழுத்துகளை வடிவப்படி பிரித்துக் கையால் எழுதித் தந்தார். முதலில் ட, ப, ம, ய என்று கோடாக வருபவை. சுழி வருபவை கடைசியில். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, கை முழுசும் அசைய, ‘சுழி, சுழி, சுழி, கோடு இறக்கு’ என்று வாயால் சொல்லிக்கொண்டே பெரிதாக ‘ண’ போட வைத்தார். அது பிடித்தது. ஆனால் அதை நான் கேட்டபிறகு செய்தார்கள் என்பதுதான் என் வருத்தம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள்தான் நம் பக்கம் அதிகம், அச்சடித்த தமிழ்த் தாள் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும். அறிக்கையும் ஆங்கிலத்தில் நாலு பக்கம். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு என்ன எழுதியிருக்கிறது என்று என்னையே கேட்டார்.

அடுத்தது மாடிப்படி. நடக்க முடியாத பிள்ளைகளும் வருகிற இடம் அது. ஒரு அம்மா பத்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுவதை இரண்டு தடவை பார்த்தேன். லிஃப்ட் இல்லை, சாய்தளம் வைக்க வழியில்லை. தெரபி மையத்தை மாடியில் வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை, நேரிலேயே சொன்னேன், தரைத்தளத்தில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள்.

பணம்: மதிப்பீட்டுக்கு எண்ணூறு, ஒரு தடவைக்கு ஐந்நூறு. பத்துத் தடவைக்கு முன்பணம் கேட்டார்கள், திருப்பித் தரமாட்டார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை, பேசி நாலு நாலாகக் கட்டினேன். நீங்களும் பேசுங்கள், ஒப்புக்கொள்கிறார்கள். நடுவில் இரண்டு வாரம் மேடம் விடுமுறையில் போய், சொல்லாமல் வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள், பையன் அவரிடம் ஒட்டவே இல்லை, ஆயிரம் ரூபாயும் இரண்டு பஸ் பயணமும் வீண். சனிக்கிழமை காலை நேரம் கொடுத்தால் அரை மணி நேரமாவது காக்க வேண்டும். வெயில் அடிக்கும் நாளில் அந்தக் காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு ஃபேன், வேலூர் வெயில் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

செலவு தாங்காது என்பவர்களுக்கு: அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் முதலில் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் கேளுங்கள், சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், காசு கிடையாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி படிப்பே நடக்கிறது. எங்கே போனாலும் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று கேட்கத் தயங்காதீர்கள், பயிற்சிக் காலத்தோடு நாலு வருஷத்துக்கு மேற்பட்ட படிப்பு அது. சில வாரப் பயிற்சி மட்டும் முடித்துவிட்டு தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டுகிறவர்களிடம் பிள்ளையின் கையைக் கொடுக்காதீர்கள்.

பள்ளியோடு நடந்ததையும் சொல்லவேண்டும். அறிக்கையை எடுத்துக்கொண்டு போனபோது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். வகுப்பு ஆசிரியை மட்டும் பொறுமையாகக் கேட்டார், கேள்வியை எழுத வேண்டாம், பதிலை மட்டும் எழுது என்று அவனுக்கு அனுமதி கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையில் அவனுடைய வீட்டுப்பாடம் பாதியாகிவிட்டது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம் உண்டே, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறதே, இப்போதே சான்றிதழ் வாங்கி வைக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். எட்டு வயசுதானே, கை மாறிக்கொண்டு வருகிறது, முதலில் இதைப் பார்ப்போம், ஆறாம் வகுப்பிலும் தேவைப்பட்டால் நானே எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன் என்றார்.

பலன் என்ன? பதினெட்டு தடவை முடிந்திருக்கிறது. போன வாரம் அதே ஐந்து நிமிஷச் சோதனையில் இருபத்துமூன்று சொல் எழுதினான். அழகான கையெழுத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள், ‘ழ’ இன்னும் சாய்கிறது, வேகத்தில் வகுப்புப் பிள்ளைகளைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறான். ஆனால் கோட்டில் உட்காருகிறது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கிறது, படிக்க முடிகிறது. கை வலிக்கிறது என்று அவன் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டையில் தானே எட்டு வரி எழுதினான், யாரும் எழுதச் சொல்லவில்லை. தபாலில் போடும் முன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

இனி மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை பள்ளி நோட்டோடு ஸ்கிப்பிங் கயிறும் கொண்டுவர வேண்டுமாம். வார நாளில் சாயந்திரம் நாலரை மணிக்கு நேரம் காலியாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டம் இருக்காது, மேடமும் நிதானமாகப் பேசுவார்.